ஊட்டியில் புல்வெளி எங்கே போச்சு?

ஊட்டி டிரிப் போட்டோ எதை எடுத்தாலும் பின்னாடி உயரமா மரங்கள் நிக்கும். பாக்குறவங்க காடுன்னு நினைச்சுக்குறாங்க. அதுல நிறைய சீகை மரம், கற்பூர மரம். ரெண்டுமே ஆஸ்திரேலியாவுல இருந்து வெள்ளைக்காரங்க கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி அந்தச் சரிவுகள்ல பெரும்பாலும் புல்தான். பள்ளத்துல, ஓடை ஓரத்துல மட்டும் சோலைக்காடு.

அந்தப் புல்லை நம்பி இருந்தவங்க தோடர்கள். ஏர் பிடிக்க மாட்டாங்க, எருமை மேய்ப்பாங்க. பால், நெய் கொடுத்து படுகர்கிட்ட தானியமும், கோத்தர்கிட்ட பானை, இரும்புச் சாமானும் வாங்கிக்குவாங்க. காய்ஞ்ச புல்லுக்குத் தீ வைப்பாங்க, இளம்புல் வரட்டும்னு. சீசன் பார்த்து ஒரு மந்துல இருந்து இன்னொரு மந்துக்கு எருமைங்களோட மாறுவாங்க. மந்துன்னா அவங்க குடியிருப்பு.

1819-ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தார். தோடர்கள்தான் நிலத்துக்குச் சொந்தக்காரங்கன்னு அவரே வாதாடியிருக்கார். ஆனா கம்பெனி அரசாங்கத்தோட கணக்குல உழுதா விவசாய நிலம், இல்லைன்னா தரிசு. டிராப்டவுன்ல 'மேய்ச்சல்'னு ஒரு ஆப்ஷனே இல்லாத மாதிரி. கடைசியில மந்தைச் சுத்தி கொஞ்சம் நிலத்தோட நிறுத்திட்டாங்க. புல்லுக்குத் தீ வைக்கவும் தடை வந்தது.

பெரிய அடி சுதந்திரத்துக்கு அப்புறம். 'சும்மா கிடக்குற' புல்வெளியில வனத்துறையே சீகையும் கற்பூர மரமும் நட்டுச்சு. பட்டை தோல் பதனிட, மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு. குந்தா மின்திட்ட அணைகளுக்கு அடியிலயும் மேய்ச்சல் நிலம் போச்சு. 1960-கள்ல நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை ஓட ஆரம்பிச்சப்ப மாநிலத்துக்குக் கரண்ட் கொடுத்ததுல குந்தாவும் ஒண்ணு. அந்தக் கணக்குல நாமளும் இருக்கோம்.

படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, அதான் எருமை குறைஞ்சுதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அது முழுசா ஒத்து வரலை. மேய இடம் இல்லாம எத்தனை எருமையைக் கட்டி வைக்கிறது? பட்டா நிலத்தைச் சிலர் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் குத்தகைக்கு விட்டதையும் அப்படித்தான் பாக்கணும்.

இப்போ சீகையை வெட்டி எடுத்துட்டு புல் திரும்ப வருமான்னு பாக்குறாங்க. லேசான வேலை இல்லை. அதோட விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும். மேல இருக்குற மரத்தை வெட்டி வெயில் பட்டா, கும்பலா முளைக்கும். ஒரு தடவை வெட்டினா போதாது, முளைக்க முளைக்கப் பிடுங்கணும், வருஷக்கணக்கா.