நோகும் இடமும் நோயின் இடமும்



கையை உயர்த்தித் தலை வாருவதையும், சட்டைக்குள் கையை நுழைப்பதையும், மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பதையும் நாம் ஒரு செயலாகவே எண்ணுவதில்லை. உங்கள் வயதில் எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலேயே, தாயாரோ பாட்டனாரோ, ஒரு கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடை மாற்றுவதை நீங்கள் கண்டிருக்கக் கூடும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், விடாமல் பற்றிக்கொள்ளும் தோள் நோய் அது. அதிலிருந்து மீள்வதற்கு நீவிவிடுதல் எவ்வளவு துணை செய்யும், நோயாளி தானே தேடிப் பெறும் அறிவு எவ்வளவு துணை செய்யும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் தோளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முழங்கை கதவின் கீலைப் போன்றது, மடங்கும், நிமிரும். தோளோ பந்தும் கிண்ணமும் சேர்ந்த மூட்டு. இடுப்பு மூட்டும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆயினும் இடுப்பில் உள்ள கிண்ணம் ஆழமானது. தொடை எலும்பின் தலை அதனுள் நன்றாக அமர்ந்திருக்கும். தோளில் இருப்பதைக் கிண்ணம் என்பதைவிடச் சிறு தட்டு என்பதே பொருந்தும். அந்தத் தட்டின்மேல் அதனினும் பெரிய உருண்டை ஒன்று சார்ந்து நிற்கிறது. இவ்வாறு இருப்பதனால்தான் கையை முன்னும் பின்னும், மேலும் கீழும், வட்டமாகவும் வீச முடிகிறது. ஆனால் எலும்பு தராத பிடிப்பைத் தசைகள் தந்தாக வேண்டும். தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள் அந்த உருண்டையை முன்னும் பின்னும் மேலும் தழுவி, அது தட்டிலிருந்து நழுவாமல் காக்கின்றன. இரவு பகலாக வேலை செய்யும் இந்நால்வரைப் பற்றி, வலி வரும்வரை எவரும் கேள்விப்படுவதில்லை!

தோள் வலிக்குக் காரணங்கள் பல. தசைநார் கிழிந்திருக்கலாம், மூட்டு தேய்ந்திருக்கலாம், கழுத்து நரம்பு நெருக்குண்டிருக்கலாம். இவற்றுள் விசித்திரமானது, மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கை மெல்ல மெல்ல அசைவிழப்பது. போஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமரி காட்மன் என்பவர், தோளைப் பற்றி 1934இல் வெளியிட்ட நூலில், இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் இது வருகிறது. சர்க்கரை நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெதுவான தளர்ச்சி என்ற வரிசையில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இது நீடிக்கும். காட்மனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மீண்டும் வருவோம்.

இனி, நோகும் இடத்தில்தான் நோய் இருக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இருதய நோயாளிக்கு இடக் கை வலிப்பதும், பித்தப்பையில் கோளாறு உள்ளவருக்கு வலத் தோள் வலிப்பதும் மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்தவை. உள்ளுறுப்புகளுக்கு உள்ள இவ்வியல்பு தசைகளுக்கும் உண்டா? லண்டனில் கெல்கிரென் என்ற இளம் மருத்துவர் இதைச் சோதித்தார். தாமாக முன்வந்தவர்களின் தசைகளில் சிறிதளவு உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தி, வலி எங்கே தோன்றுகிறது என்று கேட்டுப் படமாக வரைந்தார். ஊசி குத்திய இடம் ஒன்றாகவும், வலி உணர்ந்த இடம் வேறொன்றாகவும் இருந்தன! 1938இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரே வாயிலில் வந்து சேர்வதனால், செய்தி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மூளை மாற்றிப் படித்துவிடுகிறது என்று இதற்கு விளக்கம் கூறுவர்.

அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்ற அம்மையார் (1901-1997) இத்துறையில் மேலும் ஆழ்ந்து சென்றார். பின்னாளில், 1961இல், குடியரசுத் தலைவர் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவராக அமர்ந்தவர் இவரே. அப்பதவியை வகித்த முதற் பெண்மணியும் இவரே. இவருக்கே ஒரு சமயம் தோளிலும் கையிலும் வலி கண்டது. தம் தோள்பட்டைத் தசைகளை அழுத்திப் பார்த்தபோது, கையில் இருந்த அதே வலி எழக் கண்டார். இறுகித் திரண்ட இத்தகைய சிறு இடங்களுக்கு ஆங்கிலத்தில் 'டிரிக்கர் பாயிண்ட்' என்று பெயர். துப்பாக்கியின் விசையை இங்கே இழுத்தால் குண்டு அங்கே போய்த் தைக்கிறதல்லவா? தமிழில் 'விசைப்புள்ளி' என்று சொல்லிக்கொள்வோம்.

டிராவல் அம்மையாருடன் சேர்ந்து உழைத்தவர் டேவிட் சைமன்ஸ். இவர் வரலாறும் சுவையானது. விமானப் படை மருத்துவராக இருந்தபோது, 1957இல், தனியொருவராகப் பலூனில் 30 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திற்கு ஏறிச் சென்று மீண்டவர்! வானத்தை அளந்தவர் பின்னர் தசையை அளக்க வந்தார். இருவரும் எழுதிய பெருநூலின் முதற் பகுதி 1983இலும் இரண்டாம் பகுதி 1992இலும் வெளிவந்தன. எந்தத் தசையின் எந்தப் புள்ளி உடலின் எந்தப் பாகத்தில் வலியை உண்டாக்கும் என்பதற்கு அந்நூலில் படங்கள் உண்டு. பூகோளப் புத்தகத்துத் தேசப்படங்களைப் போன்றவை அவை. ஆனால் அவை மருத்துவர்களுக்காக எழுதப்பெற்றவை. அவற்றின் நடை கடினமானது. தசைகளின் பெயர்களோ இலத்தீன்.

அந்தக் கடினமான நூலை மருத்துவரல்லாத ஒருவர் எடுத்துப் படித்தார். அவர் பெயர் கிளேர் டேவிஸ், அமெரிக்கர், பியானோ வாத்தியங்களைச் சுருதி கூட்டுவது அவர் தொழில். ஒரு பியானோவில் 200க்கு மேற்பட்ட தந்திகள் உண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் உள்ள முளையை நெம்புகோலால் மயிரிழை அளவு திருப்பிச் சுருதி சேர்க்க வேண்டும். பல ஆண்டுகள் இத்தொழிலைச் செய்தவருக்குத் தோள் உறைந்துபோயிற்று. கை எழாவிட்டால் அவருக்குப் பிழைப்பில்லை. அந்த நிலையில்தான் அவர் டிராவலும் சைமன்ஸும் எழுதிய நூலைக் கற்கத் தொடங்கினார்.

அவர் படித்த முறையை மாணவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டும். படத்தில் உள்ள தசையைத் தம் உடலிலேயே விரலால் தேடினார். அந்தத் தசையை வேலை செய்யவைத்து, விரலின் கீழ் அது திரள்கிறதா என்று பார்த்தார். பிறகு அழுத்தினார், வலி எங்கே போய்த் தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டார். நூல் சொன்னதைத் தம் உடலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கற்றதனால், இலத்தீன் பெயர்கள் வெறும் ஒலிகளாக நிற்காமல் பொருள் உடையவை ஆயின. மருத்துவர் ஊசியால் செய்வதைத் தாம் நீவுவதால் செய்ய முயன்றார். தோள் குணமடைந்த பின் நீவுதலையே தொழிலாகக் கற்று, எளிய நடையில் ஒரு கைந்நூல் எழுதி 2001இல் வெளியிட்டார். உரைநூலைத் தம் கையால் உழுது பயிரிட்டவர் என்று இவரைச் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் குறுக்கே ஒரு மேடு ஓடுவதை விரலால் தொட்டு உணரலாம். அம்மேட்டின் கீழே விரிந்து கிடக்கும் தசைக்கு 'இன்ஃப்ராஸ்பைனேட்டஸ்' என்று பெயர். முன் சொன்ன நால்வருள் ஒருவர். இத்தசையில் விசைப்புள்ளி தோன்றினால், டிராவலின் படப்படி, வலி முதுகில் தெரியாது. தோளின் முன்புறத்தில் ஆழமாகத் தெரியும். வலிக்கும் முன்புறத்திலேயே நாள்தோறும் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர் பின்புறத்தைத் தொடுவதே இல்லை! டேவிஸ் முறையில் இதற்கு வேண்டிய கருவி ஒரு டென்னிஸ் பந்து மட்டுமே. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பந்தைச் சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவே வைத்து, உடலைச் சிறிதே அசைத்துப் பந்தால் அந்தப் புள்ளியை ஒரே திசையில் குறுகக் குறுகத் தேய்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை போதும். ஒரு நாளில் சில தடவை செய்யலாம். வலி பொறுக்கும் அளவிலேயே நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவது வீரமாகலாம், வைத்தியமாகாது.

நம் சித்த மருத்துவர்கள் நீவுதலைத் 'தொக்கணம்' என்று குறித்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பகுத்துள்ளனர். எல்லாவற்றையும் 'அமுக்கிவிடுவது' என்ற ஒரே சொல்லில் நாம் இன்று அடக்கிவிடுவது வருந்தத்தக்கது. பெயர் போனால் அந்த நுட்பமும் கைவிட்டுப் போய்விடுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தோள் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உறைந்த தோள், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பலருக்குக் காலப்போக்கில் தானாகவே தளர்கிறது. அப்படியானால் டேவிஸின் தோளைத் தளர்த்தியது நீவுதலா, காலமா? ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. மேலும், ஒரே நோயாளியைத் தேர்ந்த இருவர் தனித்தனியே தொட்டுப் பார்த்தால், விசைப்புள்ளி இருக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் பல சமயம் உடன்படுவதில்லை. அப்புள்ளியின் இயல்பைப் பற்றியே ஆராய்ச்சியாளரிடையே விவாதம் நடந்துவருகிறது. நீவுதல் வலியைத் தணிக்கிறது, உறக்கத்தைத் தருகிறது, அஞ்சி அசையாதிருந்த கையை அசைக்கும் துணிவைத் தருகிறது. இவ்வளவையே நான் உறுதியாகச் சொல்வேன். இவ்வளவும் சிறிதன்று.

இங்கேதான் காட்மன் மீண்டும் வருகிறார். சிகிச்சை முடிந்ததும் நோயாளியை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வைத்து, ஓராண்டு கழித்தாவது பலன் என்ன என்று விசாரித்துக் குறிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சக மருத்துவர்கள் பலர் அதை விரும்பவில்லை. 1914இல் தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து விலகினார். தமது சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை கவனித்த 337 நோயாளரின் கணக்கில், தாம் கண்ட தவறுகள் 123 என்று எண்ணி அச்சிட்டே வெளியிட்டார்! தோளைக் கற்றவருள் தலைசிறந்தவர், தம் கைவேலையின் பலனையும் இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்.

என் 62ஆம் வயதில், கரும்பலகையில் எழுதிப் பழகிய வலக் கை, தோளுக்கு மேலே எழ மறுத்தது. டாக்டர் சோதித்து, சர்க்கரை இல்லை, எலும்பில் பழுதில்லை, உறைந்த தோள் என்று சொன்னார். பந்தும் சுவரும் எனக்கும் துணையாயின. காட்மனின் சீட்டுக்குப் பதிலாக ஒரு சுண்ணக்கட்டி எடுத்துக்கொண்டேன். சுவரை நோக்கி நின்று, விரல்களால் மெல்ல மேலே ஏறி, எட்டிய இடத்தில் கோடிட்டுத் தேதி எழுதினேன். ஞாயிறுதோறும் ஒரு கோடு. முதல் ஐந்து வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன. ஆனால் இரவில் உறக்கம் வந்தது. பத்து மாதத்தில் மேற்கோடு கீழ்க்கோட்டைவிட இரண்டடி உயர்ந்திருந்தது. பந்தினால் வந்த உயர்வு எவ்வளவு, காலத்தால் வந்தது எவ்வளவு என்பதைச் சுவர் சொல்லவில்லை. ஆயினும் நாள்தோறும் 'தேறவில்லையே' என்று மனம் சொன்னபோதெல்லாம், அது தவறு என்பதைச் சுவர் காட்டியது.

தற்கல்வி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விழுந்து அடிபட்ட தோள், உருவம் மாறிய தோள், வீங்கிச் சிவந்த தோள், காய்ச்சலோடு வந்த வலி, கை மரத்துப்போதல், பலம் குன்றுதல் ஆகியவற்றில் எவரும் கை வைத்து நீவக் கூடாது. மருத்துவரே பார்க்க வேண்டும். இடத் தோள் வலியோடு மார்பில் இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ கண்டால், ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரமன்று அது.

மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு, வீட்டுப் பெரியவருக்கு நீங்கள் கற்பிக்கக்கூடிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. காட்மன் பெயராலேயே அது வழங்குகிறது. நல்ல கையை மேசைமீது ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, நோயுற்ற கையைத் தளர்த்தித் தொங்கவிட வேண்டும். பின்னர் உடலைச் சிறிது அசைத்தால், கை கடிகாரத்தின் ஊசலைப் போல முன்னும் பின்னும் ஆடும்; பிறகு சிறு வட்டமாகச் சுழலும். கையைத் தூக்கத் தசைகள் பாடுபட வேண்டியதில்லை. பூமியின் ஈர்ப்பே கையைக் கீழே இழுத்து, மூட்டுக்குச் சிறிது இடம் தருகிறது. காலையும் மாலையும் இரண்டிரண்டு நிமிடம் செய்தால் தொடக்கத்திற்குப் போதும்.