இறுகிய படகு எஞ்சினை இளக்கும் வழி

கடற்கரைக் குடும்பங்களுக்குப் படகின் பின்புறம் பூட்டும் எஞ்சின் வெறும் இரும்பன்று; வீட்டில் அடுப்பெரியச் செய்யும் கருவியாகும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றுதொட்டு இன்றுவரை இதற்குப் பெரும்பகை உப்புநீரே. பல மாதங்கள் ஓடாது கிடந்த எஞ்சினைப் பழுதென்று கழித்துவிட எண்ணுவோர்க்காக இதனை எழுதுகிறோம்.

எஞ்சினின் உறை பெரும்பாலும் அலுமினியம். போல்ட்டுகளோ துருவேறா எஃகு. இவ்விரண்டும் உப்புநீரில் நனையும்பொழுது சிறியதொரு மின்கலம்போல் ஆகின்றன; அலுமினியம் அரிக்கப்படுகிறது. அவ்வரிப்பில் தோன்றும் வெண்பொடி, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் போல்ட் நெருக்குண்டு இறுகிவிடுகிறது.

இந்நிலையில் ஸ்பேனரில் குழாயைச் செருகி வலிந்து திருப்புவோமாயின் போல்ட்டின் தலை முறிந்துபோகும். ஐந்து நிமிட அவசரத்தால் உறையையே மாற்றும் செலவு நேரிடலாம். ஆகவே முதலில் துருநீக்கும் எண்ணெயை இட்டு, ஓரிரவு ஊறவிடுங்கள். பின்னர்ச் சுத்தியலால் போல்ட்டின் தலைமீது மெல்லத் தட்டுங்கள். அவ்வதிர்வினால் எண்ணெய் உள்ளே இறங்கும். அதற்கும் அசையாவிடில் சூடேற்ற வேண்டும். 100 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். துருவேறா எஃகு அதனினும் குறைவாகவே நீளும். எனவே போல்ட்டை விடுத்து, அதனைச் சுற்றியுள்ள உறையைச் சூடாக்குங்கள். கொதிநீர் ஊற்றுவதே பாதுகாப்பானது. தீயைப் பயன்படுத்துவோர் எரிபொருள் தொட்டியையும் குழாயையும் முன்னதாகவே கழற்றித் தொலைவில் வைத்தல் வேண்டும். ரப்பர் பாகங்களின் அருகே தீ ஆகாது. போல்ட் சிறிது அசைந்ததும் ஒரே வீச்சில் கழற்றாது, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள்.

பிஸ்டன் இறுகியிருப்பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் விட்டுச் சில நாட்கள் காத்திருங்கள். பிறகு மேலுள்ள சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கயிற்றை வெடுக்கென இழுத்தல் தகாது. இளகியபின், பிளக்கைப் பூட்டுவதற்கு முன்னரே கயிற்றை மெல்லப் பலமுறை இழுத்து, தேங்கிய எண்ணெயை வெளியேற்றுவது மிக அவசியம்.

வருமுன் காப்பது எளிது. கடலினின்று திரும்பியதும் எஞ்சினை ஒரு டிரம் நன்னீரில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். போல்ட்டுகளின் மரைகளில் கிரீஸ் தடவியே பூட்டுங்கள். உறையிலுள்ள துத்தநாகக் கட்டி தான் கரைந்து அலுமினியத்தைக் காப்பது. அதன்மீது வர்ணம் பூசாதீர்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள். அச்சிறு கட்டியின் விலை புது எஞ்சினுக்காக வாங்கும் கடனின் ஒரு மாத வட்டிக்கும் ஈடாகாது.