பள்ளி வாசலில் நெரியும் சாலை: உச்சநீதிமன்ற உத்தரவு பீர்மேட்டை எட்டுமா?

புதுதில்லி: நடந்து செல்வோரின் பாதுகாப்புக்கும் சாலைகளின் தரத்துக்கும் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் அனைத்து மாநில அரசுகளுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசீகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு இது. விபத்தில் சிதைந்து வருவோரை அறுவை அரங்கில் நாள்தோறும் சந்தித்த ஒரு மருத்துவர், நோய் சாலையில் இருக்கிறது என்று நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால்தான் இந்த வழக்கே வந்தது.

தில்லியில் பிறக்கும் இத்தகைய உத்தரவுகள் பெருநகரங்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இதிலும் நடைபாதைகளைத் தணிக்கை செய்யும்படி கூறப்பட்டிருப்பது ஐம்பது பெருநகரங்களில்தான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலையே கடைவீதியாகவும் பள்ளி வாசலாகவும் இருக்கும் மலையூர்களில் இந்த உத்தரவு என்ன செய்யும்? கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழும் பீர்மேடு அந்தக் கேள்விக்குத் தகுந்த இடம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் 9,528 பேர். நாளொன்றுக்கு 26 குழந்தைகள். ஒரு வகுப்பறையில் பாதியை நினைத்துக்கொண்டால் இந்த எண் புரியும்.

மூன்று உடைமையாளர்கள்

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் கே.கே. சாலை இன்று கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183. முண்டக்கயத்தைத் தாண்டி மலையேறும் அச்சாலை குட்டிக்கானம், பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியார் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு தமிழக எல்லைக்குச் செல்கிறது. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம். இடையில் கிடைத்த சமதளத்தில்தான் கடைகள், பேருந்து நிறுத்தம், ஜீப் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் அமைந்தன. சமவெளி நகரங்களைப் போல ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போடுவது இங்கே எளிதல்ல.

தோட்டத்து லயத்தில் வசிக்கும் ஒரு மாணவி பள்ளிக்குப் புறப்படும்போது முதலில் நடப்பது தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வழியில். அடுத்து வருவது கிராம ஊராட்சியின் சாலை. இறுதியில் அவள் கடக்க வேண்டியது தேசிய நெடுஞ்சாலை. சட்டமும் அப்படியே பிரிந்து நிற்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புக்கு மட்டுமே விதி செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. நெடுஞ்சாலைக்கு 210சி பிரிவின்கீழ் மத்திய அரசே விதி செய்ய வேண்டும். நடப்போர் தொடர்பான 138(1ஏ) பிரிவின்கீழ் மாநிலம் விதி வகுக்கலாம். ஆனால் தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்தே வகுக்க வேண்டும். தோட்டத்து வழியைப் பற்றி இவற்றில் எதுவும் பேசவில்லை.

அந்த 138(1ஏ) பிரிவின் சொற்களையும் கவனிக்க வேண்டும். பொது இடங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் நடந்து செல்வோர் வருவதை "ஒழுங்குபடுத்த" விதி செய்யலாம் என்கிறது அது. காலால் நடப்பவரைச் சாலைக்குள் அனுமதிக்கப்படும் ஒருவராகச் சட்டம் பார்க்கிறது. வாகனம்தான் இயல்பான உரிமையாளர். நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று இதே வழக்கில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூற நேர்ந்ததற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம்.

குறுக்குவழியும் பருவமும்

நகரங்களில் குறுக்குவழிப் போக்குவரத்து என்றால், பெரிய சாலையின் நெரிசலுக்குத் தப்பி வீதிக்குள் நுழையும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் குறிக்கும். கைப்பேசி வரைபடம் வந்தபின் அந்த வீதிகள் வெளியூர்க்காரருக்கும் தெரிந்துவிட்டன. பீர்மேட்டுப் பகுதியில் ஆண்டுதோறும் குறுக்குவழியை அரசே அறிவிக்கிறது. சபரிமலை மண்டல, மகரவிளக்குக் காலத்தில் நெரிசல் மிகும்போது, தமிழகத்திலிருந்து செல்லும் பக்தர்களின் வாகனங்கள் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாகக் குட்டிக்கானத்துக்குத் திருப்பிவிடப்படுகின்றன. திரும்பும் வண்டிகள் வண்டிப்பெரியார், குமுளி வழியாக இறங்குகின்றன. மலைப்பாதையில் எதிரெதிரே பேருந்துகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இது தேவையான ஏற்பாடு; குறை சொல்வதற்கில்லை. ஆனால் நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும் அக்காலம், பள்ளிகள் நடக்கும் காலம். அரையாண்டுத் தேர்வும் அதற்குள்ளேதான் வருகிறது. கட்டப்பனைக்கும் குட்டிக்கானத்துக்கும் இடையே ஏலப்பாறை போன்ற ஊர்களில் வீட்டு வாசலும் பள்ளி வாசலும் சாலையை ஒட்டியே உள்ளன. வழிமாற்றத்தை வகுக்கும்போது வாகனங்களின் எண்ணிக்கையும் பக்தர்களின் நேரமும் கணக்கில் வருகின்றன. காலை ஒன்பது மணிக்குச் சாலையோரம் வரிசையாக நடக்கும் குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது காவல்துறைக்கு இயலாத காரியமல்ல.

ஏனெனில் கேரளம் இதை ஏற்கெனவே வேறொரு வண்டிக்குச் செய்து காட்டியிருக்கிறது. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டிப்பர் லாரிகள் ஓடக்கூடாது என்ற தடை அங்கு மாவட்டந்தோறும் நடைமுறையில் உள்ளது. மணலும் கல்லும் ஒரு மணி நேரம் காத்திருந்ததால் கட்டுமானத் தொழில் நின்றுவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு இதற்கான அதிகாரத்தைத் தருகிறது: பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். தடை ஒரு மாதத்துக்கு மிகாதது என்றால் அரசிதழில் வெளியிடவும் தேவையில்லை. உள்ளூரில் அறிவித்தால் போதும்.

அண்மைப் பள்ளி எங்கே போனது?

பள்ளி வாசலில் வண்டிகள் குவிவதைப் போக்குவரத்துக் காவலர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. அது கல்விக் கொள்கையின் விளைவு என்பது பேசப்படுவதில்லை. எல்லாக் குழந்தைகளும் தத்தம் பகுதியின் பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1964-66இல் ஆய்ந்த கோத்தாரி குழு பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 2010இல் வந்த மத்திய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் நடை தொலைவுக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தொலைவுக்குள் படிக்கும் குழந்தைக்குக் காரும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். நடக்கப் பாதை மட்டும் போதும்.

தோட்டப் பகுதியில் இந்தக் கதை இன்னும் பழையது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதரும்படி தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. லயத்துக்கு அருகிலேயே ஆரம்பப் பள்ளிகள் எழுந்தது அந்தக் காலத்தில்தான். பின்னர் தேயிலை விலை சரிந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் நிலுவையும் கிடைக்காமல் குடும்பங்கள் பட்டினியில் வாடின. பலர் தமிழகத்துக்கும் கேரளத்தின் நகரங்களுக்கும் வேலை தேடிச் சென்றனர். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை "ஆதாயமற்றவை" என்று அரசுப் பதிவேடுகள் குறித்தன. எஞ்சிய பெற்றோரில் கையில் சற்றுப் பணம் சேர்ந்தவர்கள் ஆங்கிலவழிப் பள்ளியை நாடினர். தமிழ்வழியில் படிக்க விரும்பும் பிள்ளைக்கோ அந்த வகுப்பு உள்ள பள்ளி எது என்று தேடிப் போக வேண்டிய நிலை. இருவருக்கும் பயணம் நீண்டது. அந்த இடைவெளியில்தான் ஜீப் வந்து நின்றது.

மலையூரில் ஜீப்பைக் குற்றவாளியாக்குவது எளிது, நியாயமல்ல. பேருந்து ஏறாத தோட்டச் சரிவுகளில் நோயாளியையும் அரிசி மூட்டையையும் பள்ளிப் பிள்ளையையும் சுமப்பது அதுதான். அதை ஓட்டுபவரும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளியின் மகன். பள்ளி வாசலிலேயே நிறுத்தாதே என்று அவரைத் தண்டிப்பதற்கு முன், சற்றுத் தள்ளி இறக்கிவிட ஓரிடமும், அங்கிருந்து பிள்ளைகள் நடக்க இரண்டு முழ அகலப் பாதையும் ஊராட்சி தர வேண்டும். பழங்குடி மாணவர்களை ஆட்டோவிலும் ஜீப்பிலும் அரசுச் செலவில் பள்ளிக்கு அழைத்து வரும் கோத்ர சாரதி திட்டத்தைக் கேரளம் நடத்தியிருக்கிறது. அது பின்னர் வித்யாவாகினி என்று பெயர் மாறியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதே முறையை விரிப்பதில் தடையாக நிற்பது பணமா, நினைப்பா என்று கேட்கலாம்.

தலைநகரின் பாடம்

தில்லியில் 2016 ஜனவரியில் ஒற்றை - இரட்டை எண் கார் கட்டுப்பாடு நடந்தபோது பள்ளிகள் மூடியிருந்தன. ஏப்ரலில் இரண்டாம் சுற்று வந்தபோது பள்ளிகள் திறந்திருந்தன. எனவே சீருடையணிந்த குழந்தை அமர்ந்திருக்கும் காருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குழந்தையை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் கார் எந்தக் கணக்கில் சேரும் என்று அப்போதே கேள்வி எழுந்தது. பள்ளிக்கென்று ஓடும் காரின் பாதிப் பயணம் வெறும் இருக்கையுடன்தான் நடக்கிறது என்பதை அந்தக் கேள்வி அம்பலமாக்கியது. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் பள்ளிகள் முழுமையாகத் திறந்தபோது, தில்லிப் போக்குவரத்துக் கழகம் பள்ளிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்த பேருந்துகளை நிறுத்திக்கொண்டது. பொதுப் பேருந்துகளே பற்றாக்குறை என்பது காரணம். பெற்றோர் கார்களையும் வேன்களையும் நாடினர்.

தலைநகரின் வசதி படைத்த குடியிருப்புகள் குறுக்குவழிக்குக் கண்ட மருந்து இரும்புக் கதவு. பொதுச்சாலையை அடைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. இரவில் மூடிப் பகலில் திறந்து வைக்க வேண்டும் என்பது விதி. நடைமுறை வேறு. கதவு மூடிய வீதியில் அமைதி. அங்கே நுழைய முடியாத வண்டிகள் அனைத்தும் அடுத்த வீதியில். கதவு போட வசதியில்லாதவர்கள் வாழும் வீதி அது. குறுக்குவழியைத் தடுக்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது, துரத்தப்படும் வண்டி யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பதே.

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு சாலைகளில் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மறு ஆண்டு பெற்றோர் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் இயக்கம் கண்டு வீதிகளில் அமர்ந்தனர். குடியிருப்பு வீதியில் நடப்பவருக்கே முன்னுரிமை, வண்டி அவருக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 1976இல் அந்நாடு சட்ட வடிவம் தந்தது. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் அந்த வீதியில் வாகனங்களை நிறுத்திவைக்கும் முறை இத்தாலியின் போல்சானோ நகரில் தோன்றி, பின்னர் லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் பகுதிகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாடு அறிவித்தது.

இவற்றை அப்படியே மலைக்குத் தூக்கி வர முடியாது. லண்டன் வீதியை முக்கால் மணி நேரம் அடைக்கலாம். அருகில் இன்னொரு வீதி உண்டு. பீர்மேட்டில் நெடுஞ்சாலையை அடைத்தால் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் ஆம்புலன்சும் நின்றுவிடும். பள்ளி நேரத்தை மாற்றியமைக்கும் யோசனைக்கும் எல்லை உண்டு. போக்குவரத்து நெரிசலைக் கருதிப் பள்ளி நேரத்தை மாற்றுவது பற்றிப் பேசும்படி 2023இல் கர்நாடக உயர்நீதிமன்றம் கூறியபோது, விடியுமுன் பிள்ளைகளை எழுப்புவதா என்று பெங்களூருவில் எதிர்ப்புக் கிளம்பியது. கொழுந்து பறிக்கக் காலையிலேயே மலையேறும் தாய்க்குப் பள்ளி நேரம் வேலை நேரத்தோடும் ஒத்துவர வேண்டும். கேரளத்தில் 2025-26 கல்வியாண்டில் உயர்நிலை வகுப்புகளின் நேரம் அரைமணி கூட்டப்பட்டபோதும் விவாதம் எழுந்தது. கூட்டிய நேரத்துக்கு ஏற்பப் பேருந்தின் நேரம் மாறியதா என்பதே மலையூர்ப் பெற்றோரின் கவலை.

பீர்மேட்டில் செய்யத்தக்கவை சிறியவை. நெடுஞ்சாலையில் பள்ளிகளின் முன் வேகத்தடையும் கடக்கும் கோடும், இருபுறமும் நூறு இருநூறு அடிக்காவது கைப்பிடியோடு நடைபாதையும் போடலாம். கனரக லாரிகளுக்கு டிப்பருக்கு உள்ளதுபோல் நேரத் தடை கொண்டுவரலாம். மண்டலக் காலத்தில் பக்தர்களின் பேருந்துகளைக் காலை மாலை ஒரு மணி நேரம் ஊருக்கு வெளியே தேநீர் குடிக்க நிறுத்தலாம். நீண்ட தூரம் வந்தவர்களுக்கு அது தண்டனையாகாது. கோட்டயம் - குமுளி வழித்தடத்தில் பள்ளி நேரத்துக்கு ஓர் அரசுப் பேருந்து கூடுதலாக வந்தால் பல ஜீப்புகளுக்கு வேலை குறையும். இவற்றில் நேரத் தடையை மாவட்ட நிர்வாகமும், பேருந்தை மாநில அரசும் தாமே முடிவு செய்யலாம்.

நடைபாதைக்கும் கடக்கும் கோட்டுக்கும் மத்திய அரசின் ஒப்புதலும் பணமும் வேண்டும். 183ஆம் நெடுஞ்சாலையைப் பராமரிப்பது மாநிலப் பொதுப்பணித் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. மதிப்பீடு அங்கிருந்து புதுதில்லிக்கு வர வேண்டும். இடுக்கியின் மக்களவை உறுப்பினரும், அதே சாலையின் மறுமுனையில் உள்ள தேனியின் உறுப்பினரும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை அது.