செல்போன் இருக்கும்போது லாரிக்கு ரேடியோ எதற்கு?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. பல ஊர்களில் கரன்ட்டும் இல்லை. அப்படியொரு நாளில், முன்னால் சாலை இருக்கிறதா என்று லாரி டிரைவர் யாரிடம் கேட்பார்?

அமெரிக்க லாரிகளில் இதற்கு 'சி.பி. ரேடியோ' உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது, எந்த பங்க்கில் டீசல் கிடைக்கும் என்பதை டிரைவர்கள் இதில்தான் சொல்லிக்கொண்டார்கள். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒருவர் பேசினால், சில கிலோமீட்டர் சுற்றளவில் அதே சேனலில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். போனிலோ நம்பர் தெரிந்தவரிடம்தான் பேச முடியும்.

நம்மூரில் இது பரவவில்லை. எதிரே வருபவர் ஹெட்லைட்டைச் சிமிட்டிக் காட்டுவதும் டீக்கடைப் பேச்சும்தான் நம் டிரைவர்களுக்குத் தகவல் தந்தன. இன்று அந்த வேலையை கூகுள் மேப்பும் வாட்ஸ்அப் குரூப்பும் செய்கின்றன. பனமலையிலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ லோடு ஏற்றிச் செல்பவருக்கு, சாதாரண நாளில் அதுவே போதும்.

கரன்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால்தான் சிக்கல். இந்தியாவில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 5 வாட் வரையிலான சி.பி. ரேடியோவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆன்லைனில் விற்கும் எல்லா வாக்கி டாக்கிக்கும் இந்தச் சலுகை கிடையாது; அலைவரிசையையும் அரசு அங்கீகாரத்தையும் பார்த்து வாங்குங்கள்.

ஒரு லாரியில் மட்டும் வைத்தால் கேட்க ஆள் இருக்காது. ஒரே ரூட்டில் ஓடும் நாலைந்து பேர் சேர்ந்து, ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கிப் பேசிப் பழகினால் ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும்.