நம்பிக்கை என்று பெயர் வைத்த கம்பனி

2012 பெப்ரவரி 27 ஆம் திகதி ஜப்பானின் எல்பிடா மெமரி நிறுவனம் கடன் கட்ட வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. கடன் ஏறத்தாழ 448 பில்லியன் யென். ஆனால் அந்தக் கம்பனி தொழில் தெரியாத கம்பனி அல்ல. அதே ஆண்டு வெளிவந்த ஐபோன் 5 ஐக் கழற்றிப் பார்த்தவர்கள் உள்ளே எல்பிடாவின் நினைவகச் சிப்பைக் கண்டார்கள்.

ஜப்பானின் கெட்டிக்காரக் கம்பனிகள் தமது தொழில்நுட்ப பலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கியதுதான் எல்பிடா. அப்படியிருந்தும் ஏன் விழுந்தது?

முதலில் அது செய்த பொருளைப் பார்ப்போம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நாம் திறந்து வைத்திருக்கும் வேலையைத் தாங்கி நிற்பது 'டி-ரேம்' என்னும் தற்காலிக நினைவகம். கோடிக்கணக்கான நுண்ணிய கலங்களில் மின்னேற்றமாகத் தகவல் நிற்கும். அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் ஒரு விநாடிக்குள் பல தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். யார் செய்த சிப்பும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஆகவே வாங்குபவர் பார்ப்பது விலையை. விலை சரியும் காலத்திலும் அடுத்த தலைமுறைத் தொழிற்சாலைக்குப் பெரும் பணத்தைக் கொட்டத் துணிபவரே இந்தத் தொழிலில் நிலைப்பார்.

1980களில் இந்தச் சந்தை ஜப்பானியர் கையில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தென் கொரியாவின் சம்சுங் முந்தியது. தனித்தனியே நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்று கண்ட என்.ஈ.சி.யும் ஹிட்டாச்சியும் 1999 டிசம்பரில் தமது டி-ரேம் பிரிவுகளை இணைத்தன. பங்கு பாதிக்குப் பாதி. அடுத்த ஆண்டு வைத்த பெயர்தான் எல்பிடா. 'நம்பிக்கை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

ஹிட்டாச்சி புதிய நுட்பங்களில் தேர்ந்தது, என்.ஈ.சி. சிப்புகளை ஒரே சீராகச் செய்து முடிப்பதில் தேர்ந்தது, இரண்டும் கூடினால் யாராலும் அசைக்க முடியாது என்பதே கணக்கு. காகிதத்தில் பார்த்தால் அதில் பிழையே இல்லை.

தொழிற்சாலைத் தரையில் கதை வேறாக இருந்தது. ஒரு சிப் உருவாக நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதை நம்பியே நிற்கும். ஒரு கம்பனியின் கழுவும் முறையை மற்றதன் இயந்திர வரிசையில் நுழைத்தால் பின்னால் வரும் பத்துப் படிகளும் குழம்பும். நம் வீடுகளில் இரண்டு கைதேர்ந்த சமையல்காரிகள் இருப்பார்கள். இருவரும் தூள் இடிப்பது வெவ்வேறு பக்குவத்தில். இரண்டு தூளையும் ஒரே சட்டியில் கொட்டினால் கறி இரட்டிப்பாக ருசிக்காது. ஹிட்டாச்சியிலிருந்து எல்பிடாவுக்குச் சென்று, பின்னாளில் இதைப் பற்றி எழுதிய பொறியியலாளர் யுனோகாமி தகாஷி விபரிப்பதும் இந்த இழுபறியைத்தான். யாருடைய முறை சரி என்ற போட்டியில் ஆற்றல் கரைந்தது.

தொடக்கத்தில் எல்பிடாவுக்கென்று சொந்தத் தொழிற்சாலையும் இருக்கவில்லை. உற்பத்தி தாய்க் கம்பனிகளின் ஆலைகளில் நடந்தது. பெரிய செலவு என்றால் இரு வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். ஊர் கூடித் தேரிழுக்கலாம். ஆனால் எந்த வீதியால் போவது என்று இரண்டு பேர் கட்டளையிட்டால் தேர் நகராது. 2002 இல் எல்பிடாவின் உலகச் சந்தைப் பங்கு 4 வீதமளவுக்கு இறங்கியது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் சகமோட்டோ யுகியோ தலைவரானார். உடற்கல்வி படித்தவர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜப்பான் கம்பனியில் பல காலம் வேலை செய்து மேலே வந்தவர். இரண்டு தாய்க் கம்பனிகளிலும் சேராத வெளியாள் என்பதுதான் அவருடைய பெரிய தகுதி என்று எனக்குப் படுகிறது. முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 2003 இல் மிட்சுபிஷியின் டி-ரேம் பிரிவும் வந்து சேர்ந்தது. இன்டெல் முதலிட்டது. ஹிரோஷிமா மாநிலத்து ஆலை சொந்தமானது. 2004 நவம்பரில் கம்பனி டோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆட்கள், அதே அறிவு. மாறியது யார் சொல்லைக் கேட்பது என்பது மட்டுமே.

ஆனால் இழந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில் சம்சுங் எட்ட முடியாத தூரம் போயிருந்தது. 2007க்குப் பின் சிப் விலை சரிந்தது. 2009 இல் அரசின் துணையோடு 30 பில்லியன் யென் உதவி கிடைத்தது. 2011 இல் யென்னின் பெறுமதி வரலாறு காணாத அளவு ஏறியது. டொலரில் விற்று யென்னில் சம்பளம் கொடுக்கும் கம்பனிக்கு அது நேரடி அடி. வங்கிகள் மேலும் கடன் தரத் தயங்கின.

2013 ஜூலையில் அமெரிக்காவின் மைக்ரோன் எல்பிடாவை வாங்கியது. உடனடியாகக் கொடுத்தது 60 பில்லியன் யென். மிகுதி 140 பில்லியன் கடன்காரர்களுக்குத் தவணைகளில். அடுத்த ஆண்டு எல்பிடா என்ற பெயரும் எடுக்கப்பட்டது. ஹிரோஷிமா ஆலை மூடப்படவில்லை. மைக்ரோனின் முன்னணி டி-ரேம் சிப்புகள் இன்றும் அங்கே உருவாகின்றன.