கியர் மாறத் தயங்கினால்...

நமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் புதிய கார் நம்மில் அநேகருக்கு எட்டாக்கனிதான். பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதற்கும், வயதான பெற்றோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய காரையே நம்பியிருக்கிறோம். அதிலும் கிளட்ச் மிதிக்கும் தொல்லை இல்லாத ஒட்டோ கியர் கார் பெண்கள் பலரின் விருப்பம். அது முரண்டு பிடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது?

என்னிடம் இருப்பது 1990களின் இறுதியில் ஜப்பானில் தயாரான, நான்கு கியர் கொண்ட கார். கடந்த வருடம் காலையில் 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்தே நகரத் தொடங்கியது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஒரு கராஜில் பொனற்றைத் திறக்காமலே, "கியர்பொக்ஸ் முடிஞ்சுது அக்கா, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணம் முழுவதையும் விழுங்கக்கூடியது. நான் பதில் சொல்லாமல் வீடு திரும்பி, காரின் கைநூலைப் புரட்டினேன்.

முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணெயை. இந்த எண்ணெயின் அழுத்தமே உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும்.

என் காரில் அளக்கும் முறை இது: சிறிது தூரம் ஓடிச் சூடானபின் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, கால்பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி 'பி'யில் வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். சில கார்களில் எஞ்சினை நிறுத்தியபின் அளக்க வேண்டும். சிலவற்றில் கம்பியே இருக்காது. உங்கள் காரின் கைநூல் சொல்வதே சரி.

நிறமும் மணமும் பேசும். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. கபில நிறமானால் பழசாகிவிட்டது. பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். கறுத்துக் கருகல் மணம் வீசினாலோ உலோகத் துகள்கள் தெரிந்தாலோ உள்ளே தேய்மானம் உண்டு. அப்போது எண்ணெய் மாற்றுவது மட்டும் மருந்தாகாது. பெரிய வேலை உண்மையிலேயே தேவைப்படலாம்.

என் காரில் எண்ணெய் குறைந்திருந்தது. கருகல் மணம் இல்லை. கியர் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். இன்னொரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். ரேடியேற்றருக்குப் போகும் இறப்பர் குழாயில் கசிவைக் கண்டுபிடித்தார். குழாயையும் எண்ணெயையும் மாற்றி, தளர்ந்திருந்த திறொட்டில் கேபிளையும் சரிசெய்தார். முன்பு கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

சகோதரிகளே, பெரிய செலவுக்குத் தலையாட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்த்தீர்களா? கசிவு உண்டா? கேபிளையும் எஞ்சின் மவுண்டையும் சோதித்தீர்களா? கணினியில் பிழைக்குறி ஏதும் பதிவாகியுள்ளதா? எண்ணெய் ஊற்றும்போது கைநூலில் குறித்த வகைதானா என்றும் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் நுரைத்துக் கெடுக்கும்.

கார் முற்றாக நின்றபின்பே 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றுங்கள். இறக்கத்தில் 'என்'னில் உருளவிடாதீர்கள். சரிவில் நிறுத்தும்போது கைபிரேக்கைப் போட்டபின் 'பி'யில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்துமிடத்தின் நிலத்தில் எண்ணெய்ப் பொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். சோறு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இந்த எண்ணெய்க் கம்பி ஒரு பெரிய வித்தையல்ல.