வரி கொடுப்போர் யார்?



ஹட்டன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நாமென்ன வரி கட்டுகிறவர்களா, அரசாங்கத்திடம் கேட்பதற்கு?" பாதை பழுதானாலும், குழாயில் நீர் வராவிடினும், கேட்கத் தமக்கு உரிமையில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது.

வரி இருவகைப்படும். வருமானத்தின்மீது விதிப்பது நேர்வரி. பொருளின் விலையோடு கலந்து வருவது மறைமுக வரி. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. அவ்வரிக்குரிய பொருளை வாங்குங்கால், கொழுந்து பறிக்கும் பெண்ணும் பெருஞ்செல்வரும் ஒரே வீதத்தில் அதனைச் செலுத்துகின்றனர். சிறு வருவாயினர்க்கே அச்சுமை பெரிது.

சேவையோ அவ்வாறு சமமாகக் கிட்டவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947 இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியோர், 1952 இல் ஒருவரையும் தெரிவுசெய்ய இயலாராயினர். 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்ற பின்னரும் குறை தீர்ந்தபாடில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டப் பாதைகளுக்கும் குடிநீருக்கும் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்களித்தோரின் லயன் வாயிலுக்கு அவர்கள் தெரிந்த சபையே வர இயலவில்லை. 2018 இலேதான் அச்சட்டம் திருத்தப்பெற்றது.

ஆகவே, கடையிற் கொடுக்கும் காசில் வரியும் உண்டென்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதனை அறிந்தவன் சபையின் வாயிலிற் சலுகை கேட்டு நிற்கான், கணக்குக் கேட்பான்.